சஹனில் மீதமிருந்த மீன்

ஒரு துண்டு மீன். கட்லா, நடுத்துண்டு. மிளகாய்த்தூளில் சிவந்து, ஓரம் லேசாகக் கருகி, சஹனில் சோற்றின் மேல் கிடந்தது.

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவது எங்கள் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் விசேஷ நாள் வழக்கம். அன்று அந்தச் சஹனைச் சுற்றி மூன்று பெண்கள் இருந்தோம். வீட்டுக்கார நூரம்மா, அவள் மருமகள் ஸல்மா, நான்.

நூரம்மா அந்தத் துண்டை எடுத்து மருமகள் பக்கம் வைத்தாள். வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஸல்மா மீனைப் பார்த்தாள்.

பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்து ஒன்றில் ஒற்றை அறை வீடு அது. நடுவில் ஒரு பழைய புடவையைக் கயிற்றில் போட்டுத் திரையாக்கியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களின் சஹன். அதில் ஹஜ்ரத்தும், நூரம்மாவின் மகன் அன்வரும் இருந்தார்கள். ஹஜ்ரத் என்றால் எங்கள் பள்ளிவாசலின் மௌலவி. சற்று முன்வரை அங்கே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

“தின்னும்மா” என்றாள் நூரம்மா. கேட்பவர்களுக்கு உபசாரம்தான். எனக்கு அது பரீட்சை மணி அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பரீட்சையை நானும் எழுதியவள்.

நாக்கில் வைத்த பரீட்சை

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. அரக்கோணத்தில் சுமதியாகப் பிறந்து, நர்ஸ் வேலைக்குப் பெங்களூர் வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுமையா ஆனவள் நான். மதக் கலவரங்களால் ஊரில் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்ட வருடங்கள் அவை. மாறுவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடைத்திருக்காது.

முதல் பெருநாளன்று கணவர் வீட்டில் மாட்டுக்கறி பிரியாணி. கலகலவென்று பேசிக்கொண்டிருந்த எல்லாரும், நான் கறித்துண்டை எடுத்ததும் அமைதியானார்கள். நான் மென்று விழுங்கியபிறகுதான் பேச்சு மறுபடி கிளம்பியது. அன்று மாலை குளியலறையில் எல்லாம் வெளியே வந்தது. கொள்கைக் கோளாறு ஒன்றுமில்லை. பழக்கமில்லாத வயிறு, அவ்வளவுதான். ஆனாலும் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அரக்கோணம் போனேன். அம்மா கோயில் பொங்கலை இலையில் வைத்து நீட்டினாள். அவள் கண்ணிலும் அதே பார்வை. வாங்கினால் மகள், வாங்காவிட்டால் யாரோ. இரண்டு வீட்டிலும் என் பேச்சை ஒருவரும் நம்பவில்லை, நாக்கைத்தான் நம்பினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் கணவர் மாட்டுக்கறியைத் தொடவே மாட்டார். கேட்டால் வாய்வு என்பார். அந்த வாய்வு அவருடைய ஈமானை, மார்க்க நம்பிக்கையை, ஒன்றும் செய்ததாக யாரும் கவலைப்பட்டதில்லை.

அன்றிலிருந்து சந்தேகம் என் கூடப்பிறந்ததுபோல் ஆகிவிட்டது. யார் தட்டை நீட்டினாலும் முதலில் நீட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பேன்.

மாடி அறை

சுனாமி வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். அல்சூரில் பள்ளிவாசலை ஒட்டிய மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அமர்வு தொடங்கினார்கள். கடற்கரை ஊர்களில் பிறந்து, இஸ்லாத்துக்கு வந்து, இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய பிறந்த வீடுகளை அலை கொண்டுபோயிருந்தது. அவர்களுக்கு மார்க்க வழியில் ஆறுதல் சொல்வது நோக்கம் என்றார்கள்.

ஹஜ்ரத்துக்கு உருது மட்டும்தான் சரளம். பெண்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இரண்டும் தெரிந்தவள், அதுவும் மாறி வந்தவள், அதுவும் நர்ஸ் வேண்டுமென்று தேடினால் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? பள்ளிவாசல் கமிட்டி செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். எழுந்து போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, “யாராவது தடுமாறுற மாதிரி தெரிஞ்சா நம்ம காதுல போட்டு வைங்க சிஸ்டர்” என்றார்.

ஓஹோ என்று நினைத்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல ஒருத்தி தேவை என்று வந்தவர், ஆள் வைத்துப் பார்க்கவும் ஒருத்தியைத் தேடியிருக்கிறார்.

ஆனால் போனேன். போகாவிட்டால் என்னையே தடுமாறுகிற கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். அந்தப் பெண்களை வேறு யாரிடமும் விட மனசில்லை என்பது இன்னொன்று.

அறையின் நடுவே திரை. அந்தப் பக்கம் ஹஜ்ரத், இந்தப் பக்கம் பெண்கள். திரையோரத்தில் நான். அவர் பொறுமையைப் பற்றிச் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். பெண்கள் தலையாட்டுவார்கள். தட்டில் தேங்காய் அடைத்த தில்பசந்த் துண்டுகள் இருக்கும், ஒருத்தியும் எடுக்கமாட்டாள். அவர்களுக்கு என்மேல் சந்தேகம். எனக்குச் செயலாளர்மேல் சந்தேகம். கீழே டீக்கடையில் மஃப்டியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து, மாடியில் என்ன கூட்டம் என்று விசாரித்துவிட்டுப் போனாராம். ஆக அரசாங்கத்துக்கு எங்கள் எல்லார்மேலும் சந்தேகம்.

அந்த நாட்களில் அழுகிறவர்களைத் தேடி ஆறுதல்காரர்கள் அலைந்தார்கள். எல்லா மதத்திலும் இருந்தார்கள். இடிந்த வீட்டுக்குள் நுழைகிறவன் தூக்கிவிட வருகிறானா, எடுத்துக்கொண்டு போக வருகிறானா என்று வாசலில் நின்று சொல்லிவிட முடியாது.

கடைசியில் உட்காரும் பெண்

ஸல்மா எப்போதும் சுவரோரம் கடைசியில் உட்காருவாள். நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பத்தில் செல்வியாகப் பிறந்தவள். அங்கே ஏலத்துக்கு மீன் எடுக்கப் போன அன்வரைக் காதலித்து, கலிமா சொல்லி, நிக்காஹ் செய்துகொண்டு இங்கே வந்தவள். அன்வர் அல்சூர் பஜாரில் சாயங்காலம் தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்பான்.

அவளுக்கு அப்பா முன்பே இல்லை. இருந்தது அம்மா மட்டும். தலையில் அன்னக்கூடையை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்ற அம்மா. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் படகு வரும் நேரமென்று கரையில் உட்கார்ந்திருந்தாள். உடல் கிடைக்கவில்லை. அன்வர் உடனே புறப்பட்டுப் போய்ப் பல நாள் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

அவள் தாய்மாமன் போன் செய்தார். அக்காவுக்குக் கருமாதி செய்ய ஒரே மகள் நீதான், தாய் மதத்துக்கு வந்துவிடு என்றார். அவள் அழுதுகொண்டு பேசாமலிருக்கவும், நீ மாறிப்போனதுக்குத்தான் கடலம்மா கணக்குத் தீர்த்தாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதை ஸல்மா என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாயைப் பறிகொடுத்தவளிடம் சொல்லுகிற பேச்சா அது?

மாடி அறையில் அவள் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எங்கம்மாவ நெனச்சு நான் அழுவலாமான்னு கேளுங்கக்கா. அவங்க நம்மள்ல இல்லியே.”

நான் உருதுவில் கேட்டேன். திரைக்குப் பின்னால் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. நழுவப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஹஜ்ரத் மெதுவாகச் சொன்னார். நபிகள் நாயகம் தம் தாயை அடக்கிய கப்ருக்குப் போய் நின்று அழுதார்கள், கூட இருந்தவர்களும் அழுதார்கள். அழுவதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை. மற்றதை அல்லாஹ் அறிவான்.

தமிழில் சொன்னேன். ஸல்மா தலையைக் குனிந்துகொண்டாள். “கபுரு இருந்தாத்தானக்கா” என்றாள். அதை நான் திரைக்கு அந்தப் பக்கம் சொல்லவில்லை.

நூரம்மாவின் துப்பு

அடுத்த வாரமே நூரம்மா என்னைத் தேடி வந்தாள். வாணியம்பாடிக்காரி. வாய் நீளம், மனசு கெட்டதென்று சொல்லமாட்டேன். உட்காரக்கூட இல்லை.

“சிஸ்டர், அவ மீனு தின்றதில்ல” என்றாள்.

அலை வந்த நாளிலிருந்து மருமகள் மீனைத் தொடுவதில்லையாம். கழுவுவதில்லை, மசாலா தடவுவதில்லை, வாயில் வைப்பதில்லை. மீன் விற்றுப் பிழைக்கிற வீடு, மீனவக் குடியில் பிறந்த பெண், மீன் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? இந்துக்கள் சாவுத் தீட்டுக்குக் கவிச்சி விடுவார்கள். ரகசியமாக விரதம் இருக்கிறாள். மாமன் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிட்டாள். இதுதான் நூரம்மாவின் முடிவு.

அப்போது ஊரே மீன் தின்னப் பயந்த நேரம். கடலில் போனவர்களை மீன் தின்றிருக்கும் என்று பேச்சு. அதைச் சொல்லிப் பார்த்தேன். நூரம்மா அதற்கும் தயாராக வந்திருந்தாள். அந்தப் பயத்தால்தான் அன்வர் கடல் மீனை விட்டு ஏரி மீனுக்கு மாறிவிட்டானாம். “கட்லா ஏரில வளர்றது. அதுக்கும் கடலுக்கும் இன்னா சம்பந்தம்? அத ஏன் தின்ன மாட்டா?” என்று கேட்டாள். 

“கறி சாப்பிடறாளா?” என்றேன்.

“அது தின்றா.”

“பிறகென்ன? கவிச்சி விட்டவள் கறி சாப்பிடுவாளா?”

நூரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “நம்மள ஏமாத்தத்தான் தின்றா, சிஸ்டர்” என்றாள்.

 சாப்பிடாவிட்டாலும் குற்றம், சாப்பிட்டால் அதைவிடப் பெரிய குற்றம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஏரி மீன் விஷயம் எனக்குள்ளும் முள்ளாக நின்றது. ஸல்மாவிடம் கேட்டேன். “பிடிக்கலக்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறைக்கிறாள் என்பது தெளிவாகத் தெரிந்தது. எதை என்பது தெரியவில்லை.

விஷயம் செயலாளர் காதுக்கும் போயிருந்தது. நான் போடவில்லை, நூரம்மாவே போட்டிருந்தாள். மகனிடம் அவள் ஒரு முடிவும் சொல்லியிருந்தாள். அன்வர் அப்பாவின் நினைவு நாளுக்கு ஃபாத்திஹா ஓதும் சடங்கு வருகிறது. மாமனாருக்குப் பிடித்த மீன்தான் அன்று சமையல். ஹஜ்ரத்தும் சிஸ்டரும் இருக்கும்போது அவள் சாப்பிடட்டும். சாப்பிடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போகட்டும்.

எந்த மாமன் வீட்டுக்கு? குப்பத்தில் வீடென்று எதுவும் மிஞ்சவில்லை. போனாலும், கடலம்மா பெயரைச் சொல்லிப் போனை வைத்த மனிதரின் தயவில்தான் நிற்கவேண்டும். அங்கே துலுக்கச்சி, இங்கே விரதக்காரி.

திரைக்கு இரண்டு பக்கம்

ஆகவேதான் அந்தச் சஹன், அந்த நடுத்துண்டு.

“தின்னும்மா” என்றாள் நூரம்மா மறுபடி. இந்த முறை குரலில் உபசாரம் இல்லை.

ஸல்மா மீனைக் கிள்ளினாள்.  வாயருகே கொண்டுபோனாள். மூக்குக்குக் கீழே வந்ததும் கை நின்றுவிட்டது. திரும்பச் சஹனிலேயே வைத்தாள்.

“முடியல மாமி.”

“ஏன் முடியல? ஹஜ்ரத் கேக்கறாரு. சொல்லு.”

ஹஜ்ரத் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இந்தத் தமிழ் முழுதும் புரிந்ததா என்பதே சந்தேகம்.

ஸல்மா தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை.

“எங்கம்மா கையில எப்பவும் மீன் வாசனதான் மாமி. எவ்ளோ சோப்பு போட்டாலும் போவாது. சின்னப் புள்ளயில அந்தக் கையாலதான் ஊட்டுவாங்க, அந்தக் கையாலதான் மூஞ்சியத் தொடப்பாங்க. கடலு மீனோ ஏரி மீனோ, வாய்கிட்ட வந்தா எங்கம்மா கைதான் வருது. அத எப்புடி மாமி நான் கடிக்கறது?”

  வார்டில் எத்தனையோ சாவு பார்த்தவள் நான். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

நூரம்மா விடவில்லை. உடனே விட்டுவிட்டால் அத்தனை நாள் பட்ட சந்தேகத்துக்கு மரியாதை என்ன? “இதெல்லாம் பேச்சு” என்று ஆரம்பித்தாள். “அம்மா செத்தா யாரும் மீனு தின்றதில்லியா? மனசுல வேற…”

“அம்மீ.”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அன்வரின் குரல்.

“நானும்தான் தின்றதில்ல.”

நூரம்மாவின் கை சஹனுக்கு மேலேயே நின்றது.

“அங்க தேடிட்டு வந்ததுலேர்ந்து நானும் ஒரு துண்டு தின்னல, அம்மீ. அவங்க கூடைதான் கெடச்சுது. உள்ள அலை தள்ளுன மீனு இருந்துச்சு. அத நான்தான் கொட்டுனேன்.”

அவன் சொன்னதை ஹஜ்ரத் தன் அரைகுறைத் தமிழில் உறுதி செய்தார். அன்வர் பக்கம் துண்டு அப்படியே இருக்கிறது, கை படவில்லை என்றார். கூடையைப் பற்றி அதுவரை ஸல்மாவுக்கும் தெரியாது என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா என்று திரையைப் பார்த்துக் கேட்டேன். பெண்டாட்டியை ஊரே விசாரிக்கும்போது சொல்லியிருக்க வேண்டியதுதானே? அதற்கு அவன், மீன்காரனே மீன் தின்னவில்லை என்று தெரிந்தால் வண்டிப் பக்கம் யார் வருவார்கள், ஏற்கெனவே எல்லாரும் சந்தேகத்தோடுதான் வாங்குகிறார்கள் என்றான். நியாயம்தான். ஆனாலும் கோபம் தீரவில்லை.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?” என்றாள் நூரம்மா. குரல் இறங்கியிருந்தது.

“நீ என்னக் கேக்கலியே.”

 நூரம்மா எழுந்தாள். எங்கள் சஹனிலிருந்த மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். மீன் பட்ட சோற்றையும் அள்ளி எடுத்தாள். திரையைத் தூக்கி அந்தப் பக்கமும் அதையே செய்தாள். அடுப்பில் வாணலி வைக்கும் சத்தம் கேட்டது. முட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. முட்டைப் பொரியல் வந்ததும் முதல் கரண்டியை ஸல்மா பக்கம் வைத்தாள்.

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் அன்று யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஸல்மா சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். அவளைப் பார்க்கக்கூடாது என்று நானும் நூரம்மாவும் எங்கள் பக்கத்துச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செயலாளரின் தேநீர்

பிறகு ஒருநாள் பஜார் பக்கம் போனபோது அன்வரின் வண்டியைப் பார்த்தேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு நூரம்மா உட்கார்ந்திருந்தாள். முதல் வறுவலைப் பிய்த்து வாயில் போட்டு, உப்புப் போதாது என்று மகனை அதட்டினாள். ருசி பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லையே என்று என்னிடம் சொன்னாள். பெட்டி கட்டுகிற பேச்சு அதன்பின் எழவில்லை. மீன் கழுவும் வேலையும் நூரம்மாவுடையதாகிவிட்டது.

செயலாளர் மட்டும் விஷயத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அமர்வு முடிந்து இறங்கும்போது டீக்கடையில் என்னை நிறுத்தினார். ஸல்மா எப்படி, இப்போது உறுதியாக இருக்கிறாளா, எதற்கும் இன்னும் கொஞ்சநாள் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். மீன் சாப்பிட ஆரம்பித்தாளா என்றும் கேட்டார்.

“அந்த வீட்ல மீன் சாப்பிடாதவங்க ரெண்டு பேரு இருக்காங்க. விசாரிக்கறதுன்னா ரெண்டு பேரையும் சேத்து விசாரிங்க” என்றேன்.

“யாரு, அன்வரா?” என்று சிரித்தார். “அவன் நம்ம பையனாச்சே, சிஸ்டர்.”

“அப்ப அவ யாரு?”

 அவர் கிளாஸை ஆட்டி ஆட்டி, கரைந்துவிட்ட சர்க்கரையைக் கரைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்றும் சேர்த்துத்தான் அன்று கேட்டேன். அது அவருக்குப் புரிந்ததா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.